பக்கத்து வீட்டு மொழி

சீன எழுத்தில் நான் முதன்முதலாக வாசிக்கக் கற்றுக்கொண்டது 'ஷோவ்தாவ்'. இரண்டே எழுத்து. 'வந்து சேர்ந்தது' என்று பொருள். வேலையிடத்து வீசாட் குழுவில் மேலாளர் எதையாவது அனுப்பினால் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக இதைப் போட வேண்டும். இரவு 11.30-க்கு வந்தாலும் சரி, கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது வந்தாலும் சரி. போடாமல் விட்டால் யாரும் திட்டமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் பெயரை மட்டும் தனியாகக் குறித்து அதே செய்தி மறுபடி வரும், அவ்வளவுதான். மனைவி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா இது, அரோகரா போடுற மாதிரி வரிசையா ஒரே வார்த்தைய போடுறீங்க?" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதன் பெயர் அரோகரா. "சாப்புட வாங்க, அரோகரா போட்டாச்சில்ல?"

எனக்குச் சொந்த ஊர் சுங்கைப்பட்டாணி. அப்பா ஒரு சீனத் தவுக்கேயின் பலகைக் கடையில் லோரி ஓட்டினார். தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி, அப்புறம் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இயந்திரப் பொறியியல். படிக்க வந்தவன் அப்படியே ஜொகூரில் தங்கிவிட்டேன். ஊருக்கும் எனக்கும் இடையே ஏறக்குறைய 700 கிலோமீட்டர், ஒரு நெடுஞ்சாலை, நிறைய டோல்.

இப்போது நான் வேலை செய்வது டேட்டா சென்டர்களுக்குக் குளிர்நீர் அமைப்பு போட்டுத் தரும் ஒரு நிறுவனத்தில். தலைமையகம் சீனாவில். ஜொகூரில் ஏன் இத்தனை டேட்டா சென்டர் என்று ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். 2019-இல் சிங்கப்பூர் புதிய மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 2022-இல்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடி கதவைத் திறந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிலம் இருந்தது, மின்சாரம் இருந்தது, தண்ணீர் இருந்தது. கூலாய், செடெனாக், கேலாங் பாத்தா பக்கமெல்லாம் செம்பனைக்கு நடுவே ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிவிட்டன. உள்ளே இருப்பதெல்லாம் கணினிகள். அவை கக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் பிரிவில் பாதிப் பேர் சீனாவிலிருந்து வந்த பொறியியலாளர்கள். மீதியில் பெரும்பாலோர் ஜொகூர்ச் சீனர்கள். மலாய்க்காரர்கள் இரண்டு பேர். தமிழன் நான் மட்டும். பேச்சு, படம், கையேடு எல்லாம் மெண்டரின். அரசாங்கக் கணக்கில் அவர்கள்தான் வெளிநாட்டு ஊழியர்கள், வேலை பெர்மிட்டோடு வந்தவர்கள். கூட்ட அறைக்குள் போய் உட்கார்ந்தால் வெளிநாட்டுக்காரன் நான். ஒரு மணி நேரம் அவர்கள் பேசுவார்கள். நான் ஆளுக்கொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒருவர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்வார். ஒரு மணி நேரம் எப்படி இரண்டு வாக்கியமாகச் சுருங்கியது என்பது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம் 12.40-க்கு அலுவலக விளக்குகள் எல்லாம் அணைந்தன. கரண்டு போய்விட்டது என்று நினைத்து எழுந்தேன். சுற்றிப் பார்த்தால் ஆளாளுக்கு மேசைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்குத் துணிப்பட்டி கட்டிக்கொண்டார். 1.30-க்கு விளக்கு வந்ததும் எல்லாரும் எழுந்து சுடுதண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். உள்ளூர்ச் சீனர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர்களுக்கும் இது புதிதுதான். நான் ஆறு மாதம் தாக்குப்பிடித்தேன். இப்போது என் மேசைக்கடியிலும் ஒரு கட்டில் இருக்கிறது.

மொழி தெரியாமல் வேலை செய்வதில் எங்கே ஆபத்து என்று கேட்டால் நான் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்டுவேன். சோதனை ஓட்டத்தின்போது கணினிகளுக்குப் பதிலாகச் சூடு கக்கும் பெட்டிகளை அடுக்கி வைத்து, வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்ப்போம். ஜெனரேட்டர் எழுந்து, பம்ப் சுழன்று, குளிரூட்டும் இயந்திரம் மறுபடி உயிர் பெறும்வரை தொட்டியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் வாக்கிடாக்கியில் ஓடுவது இரண்டு சொற்கள்: 'காய்', 'குவான்'. திற, மூடு. வால்வுக்கு இது சரி. மின்சுவிட்ச் பக்கம் வந்தால் தலைகீழ். ஆங்கிலத்தில் படித்த எங்களுக்கு பிரேக்கரைத் 'திறப்பது' என்றால் மின்சாரத்தை நிறுத்துவது. அவர்கள் பேச்சு வழக்கில் எதையும் 'காய்' என்றால் அதைப் போடுவது. ஒரே சொல், ஒருவனுக்கு நிறுத்து, இன்னொருவனுக்குப் போடு. அதனால் எங்கள் தளத்தில் ஒரு விதி உண்டு. பிரேக்கருக்கு 'ஹ-ஸா', 'ஃபென்-ஸா' என்ற தொழிற்சொற்களை மட்டும்தான் சொல்லலாம். முதலாவது சேர்ப்பது, அடுத்தது பிரிப்பது. பங்களாதேஷ் தம்பிகள் உட்பட எல்லாருக்கும் இது மனப்பாடம். தமிழில் இந்தக் குழப்பமே இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. நாம் லைட்டைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. போடுகிறோம், அணைக்கிறோம்.

மூத்த தொழில்நுட்பர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் 'ஷிஃபூ' என்பார்கள், ஆசான் மாதிரி. சேர்ந்த புதிதில் அவர் தன் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தியாவுக்கு வருடத்தில் எத்தனை முறை போவீர்கள்?" என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் இந்தியாவுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன், சுற்றுலாக் குழுவோடு, பத்து நாள், பழனி, மதுரை, ராமேஸ்வரம். எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பதுகூட வீட்டில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நான் மலேசியன் என்று தட்டிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, ஆனால் நீ யின்து ரென்" என்றார்.

இதை விளக்கியது பக்கத்து மேசைக்காரி. பத்து பகாட்டைச் சேர்ந்தவள், சீனத் தனியார் இடைநிலைப்பள்ளியில் படித்தவள். "யின்து ரென் என்றால் அவருக்கு இந்திய நாட்டுக்காரன். நாங்கள் இங்கே உங்களை 'யின் யி' என்போம், இந்திய வம்சாவளி. அவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் இதே கதைதான்" என்றாள். அவளைப் பார்த்து அவர்கள் 'நாமெல்லாம் சீனர்கள்தானே' என்று சொல்லும்போது 'ஜோங்குவோ ரென்' என்கிறார்களாம். அது சீன நாட்டுக்காரன் என்ற சொல். இவள் தன்னைச் சொல்லிக்கொள்வது 'ஹுவாரென்', சீன இனத்தவள். "என் பாஸ்போர்ட் சிவப்பு, அவங்க பாஸ்போர்ட்டும் சிவப்பு. அதுக்காக ஒண்ணாகிடுமா லா?" கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம், மலாய், மெண்டரின் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த அலுவலகத்தில் எனக்குத் துணை இருப்பதாகத் தோன்றியது.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜொகூர்ச் சீனர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. 1844 முதல் தெமெங்கோங் இப்ராஹிம் ஆற்றோரக் காடுகளை அழித்து மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனர்களுக்கு 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுச் சீட்டு கொடுத்தார். சீட்டு வாங்கியவன் காங்சு, ஆற்றுத் தலைவன். அந்த முறை 1917-இல் சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் நான் தினமும் மோட்டாரில் கடந்து போகும் காங்கார் பூலாய் என்ற பெயரில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கம்பீர் போய் ரப்பர் வந்தபோது நம்மாட்கள் வந்தார்கள். இப்போது செம்பனைக்கு நடுவே கணினிக் கட்டடம். மண் அதே மண், இறக்குமதி ஆகும் ஆட்கள்தான் மாறுகிறார்கள் என்று ஷிஃபூவிடம் சொல்ல ஆசை. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அதையெல்லாம் சொல்ல முடியாது.

போன சீனப் பெருநாளுக்கு அலுவலகத்தில் யீ சாங் வாங்கி வைத்திருந்தார்கள். துருவிய காய்கறி, பச்சை மீன், பொரிகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, எல்லாரும் சுற்றி நின்று குச்சியால் உயரத் தூக்கிப் போட்டு வாழ்த்துச் சொல்லும் சடங்கு. இங்கேயும் சிங்கப்பூரிலும் அது இல்லாமல் பெருநாள் இல்லை. சீனாவிலிருந்து வந்தவர்கள் தட்டைச் சுற்றி நின்று விழித்தார்கள். அவர்கள் ஊரில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம். பத்து பகாட்காரி அன்று விடுமுறை. ஆகவே, எந்த எண்ணெயை முதலில் ஊற்றுவது, எப்போது 'ஹுவாட் ஆ' என்று கத்துவது, எவ்வளவு உயரம் தூக்குவது என்று ஆறு சீனர்களுக்குச் சீனப் பெருநாள் கொண்டாடச் சொல்லிக் கொடுத்தது நான். ஷிஃபூ தூக்கிய தூக்கில் கேரட் என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக் கதை வேறு. எங்கள் தாமானில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிதான் மகளை வளர்க்கிறார். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை, காலை 6.30-க்குக் கிளம்ப வேண்டும். எங்கள் இரு பக்கத்துத் தாய்மார்களும் தூரத்தில். மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது பாட்டியே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்கிட்ட குடு, நான் பார்த்துக்கிறேன்" என்று மலாயில் சொன்னார். நானும் அவரும் பேசுவது பாசார் மலாய், இலக்கணம் எதுவும் இல்லாத சந்தை மலாய். மகள் அவரை 'போ போ' என்கிறாள்.

அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது முதல் கேள்வி, "கஞ்சில என்னாத்த போட்டுக் குடுப்பாளோ?" பன்றியைப் பற்றிய கவலை. போ போவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னைவிடக் கறாராக இருந்தார். குவான் யின் அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர், மாட்டிறைச்சி வாசலுக்கே வராது. மாதத்தில் இரண்டு நாள் சைவம். பிள்ளைக்கு மீன், கோழி, முட்டை. "உங்க சாமிக்கும் மாடு ஆகாது, எங்க சாமிக்கும் ஆகாது. பேச்சு முடிஞ்சது" என்றார். அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அன்றிலிருந்து அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் போ போவுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கட்டாயம்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. தூக்கத்தில் மெண்டரினில் பேசுகிறாள். முதல் தடவை கேட்டபோது நானும் மனைவியும் இருட்டில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என்ன கனவு என்று எங்களுக்குத் தெரியாது. சண்டை போடுகிறாளா, பாடுகிறாளா, எதற்காவது பயப்படுகிறாளா என்று தெரியாது. காலையில் கேட்டால், "மறந்துட்டேன்" என்றாள், தமிழில்.

எங்களிடம் தமிழ்தான் பேசுகிறாள். ஆனால் அவளுடைய தமிழுக்கு ஒரு நடை வந்துவிட்டது. "அப்பா, நீ சாப்புட்டு முடிச்சி லெ மா?" ஜனவரியில் பொங்கலுக்கு வாசலில் கரும்பு கட்டினோம். சீனப் பெருநாளின் எட்டாம் நாள் இரவு போ போ வீட்டு வாசலில் முழுக் கரும்பாக இரண்டு நின்றது. மறுநாள் ஹொக்கியன்காரர்கள் தீ கோங் என்ற விண்ணரசருக்குப் படைக்கும் நாள், கரும்பில்லாமல் அந்தப் பூசை கிடையாது. மகள் ஓடி வந்து, "போ போ வூட்டுல லேட்டா பொங்கல் வந்துருச்சி" என்று அறிவித்தாள்.

போன தீபாவளிக்கு அப்பாவும் அம்மாவும் ஜொகூருக்கு வந்திருந்தார்கள். வேலையிடத்தில் நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்தேன். அதில் ஒரு பையன், என் வயதுதான், ஃபூஜியான் மாநிலத்தில் ஜாங்ஜோ பக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் அப்பா, "சியா பா பூவே?" என்றார். பசியாறியாச்சா என்று அர்த்தம். லோரி ஓட்டிய இருபது வருடத்தில் தவுக்கேயிடமும் கூலிகளிடமும் கற்ற வடக்கத்து ஹொக்கியன். பையன் ஒரு செருப்போடு அப்படியே நின்றான்.

பினாங்கு, கெடா பக்கத்து ஹொக்கியன் ஜாங்ஜோ வழி வந்தது. அப்பாவுக்கு அது தெரியாது. அவருக்கு அது கடை மொழி. பையனுக்கு அது பாட்டி மொழி. அவன் பள்ளியில் மெண்டரின் மட்டும்தானாம். பாட்டி பேசினால் புரியும், பதில் சொல்லத்தான் வராது. அப்பா நிறுத்தாமல் பேசினார். பணத்துக்கு 'லுய்' என்றார், பாட்டியும் அப்படித்தான் சொல்வாள் என்றான். மலாய் டூயிட்டிலிருந்து வந்த சொல் அது. சோப்புக்கு 'சாப்புன்' என்றார், அதுவும் அப்படியேதான். 'பாத்து' என்று கல்லைச் சொன்னபோது மட்டும் விளங்கவில்லை, அது நம்மூர் மலாய். பையன் கைத்தொலைபேசியை எடுத்து எங்கோ கூப்பிட்டான். திரையில் ஒரு கிழவி. அப்பா அதே கேள்வியைக் கேட்டார். கிழவி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, யார் பேசுகிறார்கள் என்று பேரனைக் கேட்டாள். வேட்டி கட்டிய கறுத்த மனிதனிடமிருந்துதான் அந்தக் குரல் வருகிறது என்று அவளை நம்பவைக்கச் சற்று நேரம் ஆனது. பிறகு பத்து நிமிடம் இரண்டு பேரும் பேசினார்கள். எங்கள் யாருக்கும், பேரனுக்கும்கூட, பாதிதான் விளங்கியது. அழைப்பை வைத்தபின் அப்பா, "அந்தம்மாவுக்கு முட்டி வலியாம். கோடாலித் தைலம் போடச் சொன்னேன்" என்றார்.

அப்பாவின் அந்த மொழி எனக்கு வரவில்லை. வேலையிடத்தில் எனக்கு வேண்டிய மொழி அப்பாவிடம் இல்லை. மகளிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்து வந்த குரல் பதிவுகள் சிலவற்றை ஐந்து வயதுப் பிள்ளையிடம் போட்டுக் காட்டி, "என்னா சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறேன். "நாளைக்கி தண்ணி வரும்னு சொல்றாங்க" என்றாள். குளிர்நீர்க் குழாயில் நீர் நிரப்புவதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே முதலாம் ஆண்டுப் பதிவு வந்தபோது வீட்டில் மூன்று வாரம் சரியாகப் பேச்சு இல்லை. எந்தப் பள்ளி? தாமானுக்கு நடந்து போகும் தூரத்தில் சீனப்பள்ளி. அவளுடன் பாலர் பள்ளியில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் அங்கேதான் போகிறார்கள், அதில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மனைவி வேலை செய்யும் தமிழ்ப்பள்ளி 16 கிலோமீட்டர். நண்பர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: "நீயே தினமும் அனுபவிக்கிற, பிள்ளைக்கும் அதே கஷ்டம் வேணுமா?" வேலை விளம்பரங்களில் 'மெண்டரின் பேசத் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியை நான் வேலை தேடிய காலத்தில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு ஜூனியராகப் படித்த ஒரு தம்பியின் விண்ணப்பத்தை நானே அலுவலகத்தில் கொடுத்தேன், என்னைவிட நல்ல மதிப்பெண். அந்த வரியைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான் இங்கே எப்படி உள்ளே வந்தேன்? மலாயால். மின்சார வாரியம், தீயணைப்புத் துறை, நகராண்மைக் கழகம் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதவும் அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மெண்டரின் தெரிந்தவர்கள் அங்கே ஐம்பது பேர் இருக்கிறார்கள். பிழைப்புக்கு எந்த மொழி என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் போட வேண்டும். இதை மனைவியிடம் சொன்னால், "நீங்க யார் பக்கம் பேசுறீங்க?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

அவளுடைய நிலை இன்னும் சிக்கல். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் நிறைய 150 பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளிகள். தோட்டம் கலைந்து ஜனங்கள் நகரத்துக்கு வந்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மனைவியும் சக ஆசிரியைகளும் வீடு வீடாகப் போய், "பிள்ளைய நம்ம பள்ளிக்கு அனுப்புங்க" என்று கேட்டு வருகிறார்கள். "உங்க பிள்ளை எங்க டீச்சர் படிக்கிது?" என்று ஒரு தாய் கேட்டால்? அந்தக் கேள்விக்காக ஒரு பிள்ளையின் பள்ளியைத் தீர்மானிக்கலாமா என்று நான் கேட்டேன். "அதுக்காக இல்ல" என்றாள். வேறு எதற்காக என்று அன்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அவ பெரியவளாகி ஏதாச்சும் எழுதினா நான் படிக்கணும். அவ்ளோதான்."

அன்றிரவு பதிவை முடித்தோம். தமிழ்ப்பள்ளி. காலையில் அம்மாவோடு காரில் போவாள், மதியம் அம்மாவோடு திரும்புவாள். சனிக்கிழமை மெண்டரின் வகுப்பு, அதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு முழு நிம்மதி என்று சொல்லமாட்டேன். அந்தத் தம்பியின் விண்ணப்பம் இன்னும் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.

போ போவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் பக்கத்துச் சீனப்பள்ளியில் படித்தவர்கள், அங்கே சீருடை எந்தக் கடையில் மலிவு என்றுகூட ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். வேலியோரம் நின்று விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அப்புறம் பள்ளி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். ஒரு மணிக்கு என்றேன். அவளுக்கும் மகளுக்கும் வந்து சேர இரண்டாகிவிடும் என்றேன்.

"ரெண்டு மணி வரைக்கும் பிள்ளை பசியோட இருக்குமா?" என்றார். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, சமைக்க வேணாம். ரெண்டு பேருக்கும் கஞ்சி இங்க இருக்கும்."